பனை வைத்த தலைமுறை

1991 ஜூன் 30. லிஸ்பன் நகரின் லஸ் மைதானத்தில் 1,27,000 பேர் திரண்டிருந்தார்கள். ஆடியவர்கள் யாரும் அன்று உலகப் புகழ் பெற்றவர்கள் அல்ல. இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகள். உலக இளையோர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் போர்ச்சுகலும் பிரேசிலும் மோதின. தொண்ணூறு நிமிடம் ஆடியும் கோல் விழவில்லை. கூடுதல் நேரம் அரைமணியும் அப்படியே கழிந்தது. பிறகு பெனால்டி. ரூய் கோஸ்டா என்ற பத்தொன்பது வயதுப் பையன் அடித்த பந்து வலைக்குள் போனதும் 4-2 என்று முடிவு உறுதியானது; போர்ச்சுகல் சொந்த மண்ணில் உலக இளையோர் பட்டத்தை வென்றது. ‘லஸ்’ என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. போர்த்துகீசிய மொழியில் அதற்கு வெளிச்சம் என்று பொருள். மயிலாப்பூரில் போர்த்துகீசியர் எழுப்பிய பிரகாச மாதா ஆலயத்தால்தான் அந்த வட்டாரத்துக்கு லஸ் என்று பெயர் வந்தது. லிஸ்பன் மைதானமும் அதே மாதாவின் பெயரைக் கொண்ட பகுதியை ஒட்டித்தான் பெயர் பெற்றது. அந்த ஒரு நாளின் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் போனது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அந்த வெற்றியைப் பற்றி இரண்டு விதமான பேச்சு வழக்கில் உண்டு. ‘பொற்காலத் தலைமுறை’ ஒன்று தானாக வந்து பிறந்தது, அது வென்றது என்பது ஒன்று. சொந்த மைதானம், சொந்த மக்கள், கொஞ்சம் பெனால்டி அதிர்ஷ்டம், அவ்வளவுதான் என்பது இன்னொன்று. ஒன்று புகழ்ச்சி, மற்றது இகழ்ச்சி என்று தோன்றினாலும் இரண்டும் ஒரே தவற்றைச் செய்கின்றன. வெற்றியை அந்த நாளுக்குள்ளேயே அடைத்துவிடுகின்றன. இளையோர் அணி சொந்த மண்ணில் பெறும் வெற்றி பல ஆண்டுகளுக்கு முன்பே, பெரும்பாலும் அயல் மண்ணில், தோல்விகளோடு சேர்த்து உருவாக்கப்படுவது. அதன் விளைச்சலையும் அந்தத் தலைமுறை வாங்கிய கோப்பைகளை மட்டும் வைத்து அளக்க முடியாது. லிஸ்பன் வெற்றியின் முன்கதையும் பின்கதையும் இதைத் தெளிவாகவே காட்டுகின்றன.

முன்கதை செழிப்பானது அல்ல. 1966 உலகக் கோப்பையில், மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோவின் ஆட்டத்தால் போர்ச்சுகல் மூன்றாம் இடம் பெற்றது. அதன்பின் இருபது ஆண்டுகள் உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. அதற்கிடையில் 1974 ஏப்ரல் 25 அன்று, அரை நூற்றாண்டுக்கு நெருங்கி நீடித்த சர்வாதிகாரம் கவிழ்ந்தது. ஆப்பிரிக்கக் காலனிகள் விடுதலை பெற்றன. ஒரு பேரரசாகத் தன்னைக் கருதிக்கொண்டிருந்த நாடு சுமார் ஒரு கோடி மக்களைக் கொண்ட சிறிய ஐரோப்பிய நாடாகத் தன்னை மறுபடி கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கால்பந்திலும் அதே நிலைதான். 1984 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் பிரான்சிடம் கூடுதல் நேரத்தில் 2-3 என்று தோற்றபோது நம்பிக்கை துளிர்த்தது. 1986இல் மெக்சிகோவுக்குப் போன அணியோ, சால்டியோ நகர முகாமில் பணத்தகராறு முற்றி, பயிற்சியைப் புறக்கணித்து, மொராக்கோவிடம் 1-3 என்று தோற்று முதல் சுற்றிலேயே வீடு திரும்பியது. திறமை இல்லாததால் வந்த வீழ்ச்சி அல்ல அது. ஒழுங்கும் ஏற்பாடும் இல்லாததால் வந்தது. அதனால்தான் அடுத்த தேடல் பெரியவர்கள் அணியில் தொடங்காமல் பிள்ளைகளிடம் தொடங்கியது.

அந்தத் தேடலின் மையத்தில் இருந்தவர் கார்லோஸ் கெய்ரோஸ். அவரும் மொசாம்பிக்கில், நம்புலா நகரில் 1953இல் பிறந்தவர். பெரிய ஆட்டக்காரர் என்ற புகழ் அவருக்குக் கிடையாது. லிஸ்பனின் உடற்கல்வி உயர்கல்வி நிறுவனத்தில் படித்தவர். பின்னாளில் ஜோசே மொரீன்யோ படித்து வந்ததும் அதே இடம்தான். கால்பந்தைக் கற்பிக்கக்கூடிய ஒரு துறையாகப் பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. எண்பதுகளின் பிற்பாதியில் இளையோர் தேசிய அணிகளின் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது, ஒரு போட்டிக்கு ஆள் பொறுக்கி அனுப்பி அதோடு கலைத்துவிடும் வழக்கத்துக்கு மாறாக, பதினைந்து பதினாறு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்து, வயது ஏற ஏற அதே கூட்டத்தை மேலே கொண்டுபோகும் தொடர்ச்சி உண்டாயிற்று. தெருவிலும் சின்னஞ்சிறு சங்கங்களிலும் ஆடிப் பழகிய கால்களுக்கு இடம் பிடிப்பதும் காத்திருப்பதும் சேர்ந்து தடுப்பதும் கற்றுக்கொடுக்கப்பட்டன. கலைத்திறன் பையன்களுடையது, அதைத் தாங்கி நின்ற சட்டகம் பயிற்சியாளர்களுடையது.

அந்தச் சட்டகம் முதலில் சோதிக்கப்பட்டது வெளிநாட்டில்தான். 1989 மார்ச்சில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் போர்ச்சுகல் முதன்முறையாக உலக இளையோர் பட்டத்தை வென்றது; அரையிறுதியில் பிரேசிலை 1-0 என்றும், இறுதியில் நைஜீரியாவை 2-0 என்றும் வீழ்த்தியது. ஆனால் அதே போட்டியின் முதல் சுற்றில் சவூதியிடம் 0-3 என்று தோற்றிருந்தது. சொந்த மக்கள் முன்னால் ஆடும் அணி எப்படிப் பொங்கி வரும் என்பதை அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்று கற்றார்கள். அதே ஆண்டு பதினாறு வயதுக்குட்பட்டோர் அணி ஐரோப்பியப் பட்டத்தை வென்ற கையோடு, ஸ்காட்லாந்தில் நடந்த அந்த வயதினருக்கான உலகப் போட்டிக்குச் சென்றது. எடின்பரோவில் அரையிறுதி, எதிரே போட்டியை நடத்திய ஸ்காட்லாந்து. 0-1 என்று தோற்றுப்போனார்கள். அந்தப் பையன்களில் ஒருவர் லூயிஸ் பிகோ. இறுதி ஆட்டத்தில் அந்த ஸ்காட்லாந்தே தன் சொந்த ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில், தன் மக்கள் கண்முன், சவூதியிடம் பெனால்டியில் கோப்பையைப் பறிகொடுத்தது. சொந்த மைதானம் தூக்கிவிடவும் செய்யும், கழுத்தை நெரிக்கவும் செய்யும். லிஸ்பனுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அந்தத் தலைமுறை இரண்டையும் கண்ணால் கண்டுவிட்டது.

1991 ஜூனில் போட்டி போர்ச்சுகலுக்கு வந்தது. பதினாறு நாடுகள். முதல் சுற்றில் அயர்லாந்தை 2-0, அர்ஜென்டினாவை 3-0, கொரியாவை 1-0 என்று வென்றது போர்ச்சுகல். அந்தக் கொரியா வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே கொடியின் கீழ் அனுப்பிய அணி. அந்த அணியும் அர்ஜென்டினாவை 1-0 என்று வீழ்த்திக் காலிறுதிவரை வந்தது. போர்ச்சுகல் காலிறுதியில் மெக்சிகோவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தாண்ட வேண்டியிருந்தது. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே கோல். அடித்தவர் ரூய் கோஸ்டா. இறுதியில் எதிர்ப்பட்ட பிரேசில், கொரியாவை 5-1 என்றும் சோவியத் அணியை 3-0 என்றும் நொறுக்கிவிட்டு வந்த அணி. ராபர்ட்டோ கார்லோஸும் ஜியோவானி எல்பரும் அதில் இருந்தார்கள். ஆறு ஆட்டங்களில் போர்ச்சுகல் வாங்கிய கோல் ஒன்றே ஒன்று, மெக்சிகோவிடம். சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரத்தில் மயங்கிப் பாய்ந்து ஆடிய அணியின் கணக்கல்ல இது. கோல் அடித்துப் பேர் வாங்குவதைவிடக் கோல் வாங்காமல் நிற்பதை முதலில் கற்றுக்கொண்ட அணியின் கணக்கு.

போட்டியின் வயது வரம்புப்படி அந்தப் பிள்ளைகள் 1971 ஆகஸ்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள். சர்வாதிகாரம் கவிழ்ந்தபோது அவர்களில் மூத்தவர்களுக்கே மூன்று வயது ஆகவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் சுதந்திர நாட்டில் வளர்ந்த முதல் தலைமுறை அது. 1986இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த போர்ச்சுகல் தன்னைச் சமமான நாடாக மற்றவர்கள் ஏற்கவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. எதிரே நின்றதோ அதே மொழி பேசும், கால்பந்தில் பல மடங்கு பெரிய பிரேசில். பெரியவர்கள் அணிக்குக் கூடுவதையும் மிஞ்சிய கூட்டம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஏன் கூடியது என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. அன்று மைதானத்துக்கு வந்தவர்களில் மிகப் பலர் வேறொரு நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் என்றே சொல்லலாம். தங்கள் பிள்ளைகள் ஆடப்போகும் நாடு எப்படிப்பட்டது என்று பார்க்க வந்தார்கள்.

இனி மறுப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, சொந்த மண்ணின் சாதகம். கேட்டவுடன் சரியாகத் தோன்றும் வாதம் இது. கணக்கு அதற்கு இடம் தரவில்லை. உலக இளையோர் போட்டி 1977இல் துனிசியாவில் தொடங்கி 2025 வரை 24 முறை நடந்திருக்கிறது. நடத்திய நாடே பட்டம் வென்றது இரண்டே முறை: 1991இல் போர்ச்சுகல், 2001இல் அர்ஜென்டினா. 1997இல் மலேசியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. சொந்த மண்ணில் வென்ற இந்த இரு நாடுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. போர்ச்சுகல் சொந்த ஊரில் வெல்வதற்கு முன்பே ரியாத்தில் வென்றிருந்தது. ஹோசே பெகர்மான் பயிற்சியில் அர்ஜென்டினா, பியூனஸ் அயர்ஸில் கானாவை 3-0 என்று வெல்வதற்கு முன்பே 1995இல் கத்தாரிலும் 1997இல் மலேசியாவிலும் பட்டம் பெற்றிருந்தது. அதே அர்ஜென்டினா 2023இல் மறுபடி போட்டியை நடத்தியபோது காலிறுதிக்குக்கூடப் போகவில்லை. மண் அதேதான், மக்கள் அதேதான். இளையோருக்கான இன்னொரு உலகப் போட்டியை, பதினேழு வயதுக்குட்பட்டோருக்கானதை, 2017இல் நம் நாடு நடத்தியது. நம் பிள்ளைகள் அமெரிக்காவிடமும் கொலம்பியாவிடமும் கானாவிடமும் தோற்றார்கள், அடித்தது ஒரே கோல். அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. சொந்த மைதானம் இருப்பதைப் பெருக்கிக் காட்டும். இல்லாததை உண்டாக்காது என்பதே இதில் தெரிவது.

இரண்டாவது மறுப்பு, பெனால்டி என்பது அதிர்ஷ்டம் என்பது. இதில் பாதி உண்மை. 120 நிமிடத்தில் பிரேசிலைப் போர்ச்சுகலால் வீழ்த்த முடியவில்லை. ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால் கோப்பை வேறு கைக்குப் போயிருக்கும். இதை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. மாறாக, இதையே என் வாதத்துக்கு உரைகல்லாக வைக்கிறேன். ரூய் கோஸ்டாவின் பந்து வெளியே போயிருந்தால் கெய்ரோஸின் வேலை பயனற்றதாகியிருக்குமா? இரண்டு ஆண்டுகளில் ரியாத் பட்டம், பதினாறு வயதினரின் ஐரோப்பியப் பட்டம், ஸ்காட்லாந்தில் மூன்றாம் இடம், லிஸ்பனில் இறுதி ஆட்டம் என்று வந்த வரிசையை ஒரு பெனால்டி அழித்துவிட முடியாது. அன்றைய கோப்பையை ஒரு உதை தீர்மானித்தது என்பது சரி. அந்த உதைவரை போர்ச்சுகலைக் கொண்டுவந்து நிறுத்தியது அதிர்ஷ்டம் அல்ல. இளையோர் விளையாட்டை மதிப்பிடும்போது அணி எங்கே வந்து நின்றது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. அந்தத் தலைமுறை பெரியவர்களாகி என்ன வென்றது? கெய்ரோஸே தேசிய அணியை ஏற்று 1994 உலகக் கோப்பைக்குக் கொண்டுபோக முடியாமல் விலகினார். 1996 ஐரோப்பியக் கோப்பையில் செக் குடியரசிடம் காலிறுதித் தோல்வி. 1998 உலகக் கோப்பைக்குத் தகுதி இல்லை. 2000 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், கூடுதல் நேரத்தில் ஆபெல் சேவியரின் கையில் பந்து பட்டதாக நடுவர் ஊத, சிதானின் பெனால்டியில் பிரான்சிடம் தோல்வி. சேவியரும் 1991 அணியில் இருந்தவர். 2002இல் முதல் சுற்றிலேயே வெளியேற்றம். கடைசியாக 2004 ஐரோப்பியக் கோப்பை போர்ச்சுகலிலேயே நடந்தது. பழைய லஸ் மைதானத்தை இடித்துப் பக்கத்திலேயே எழுப்பிய புதிய லஸ் மைதானத்தில் ஜூலை 4 அன்று இறுதி ஆட்டம். பிகோ ஆடினார், ரூய் கோஸ்டா இரண்டாம் பாதியில் மாற்று ஆளாக இறங்கினார். கிரீஸ் 1-0 என்று வென்றது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் கோப்பையைத் தொட்டவர்கள் அதே இடத்தில் கண்ணீரோடு நின்றார்கள். ரூய் கோஸ்டா தேசிய அணிக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. ஒரு தலைமுறை பட்டம் பெறாமலேயே முடிந்தது.

இந்தக் கணக்கு முழுதும் உண்மை. ஆனால் கணக்குப் புத்தகம் இங்கே மூடிவிடுவதில்லை. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊரில் ஒரு சொல் உண்டு. இளையோர் விளையாட்டு தென்னை அல்ல, பனை. 1966க்குப் பிறகு இருபது ஆண்டுகள் உலகக் கோப்பை வாசலுக்கு வெளியே நின்ற நாடு, 2000 முதல் நடந்த ஒவ்வொரு ஐரோப்பியக் கோப்பைக்கும் 2002 முதல் நடந்த ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்று வருகிறது. 2000இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து பிகோவுக்குக் கிடைத்தது. யூசேபியோவுக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் போர்ச்சுகல் வீரர் அவர். 1991 அணியின் தடுப்பாட்டக்காரர் ஜார்ஜ் கோஸ்டா, 2004இல் போர்ட்டோ அணியின் தலைவராகச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கினார். அந்தத் தலைமுறை தேசியக் கோப்பை பெறவில்லை என்பது சரி. தோற்றாலும் பெரிய மேடையில் தோற்கும் நாடாகப் போர்ச்சுகலை மாற்றியது அந்தத் தலைமுறைதான்.

அதைவிட ஆழமான விளைச்சல் வேறிடத்தில் இருக்கிறது. லிஸ்பன் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் பிகோவும் அல்ல, ரூய் கோஸ்டாவும் அல்ல, எமிலியோ பெய்ஷே. அவருடைய ஆட்ட வாழ்க்கை அந்த இருவரின் உயரத்தை எட்டவில்லை. பிஞ்சில் பழுத்தது வெம்பிப்போகும் என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் 2017இல் போர்ச்சுகலின் இருபது வயதுக்குட்பட்டோர் அணியை உலகப் போட்டிக்கு அழைத்துச் சென்ற பயிற்சியாளர் அதே பெய்ஷே. ரியாத்தில் 1989இல் பட்டம் வென்ற எலியோ சோசா, 2016இல் பதினேழு வயதினர் அணிக்கும் 2018இல் பத்தொன்பது வயதினர் அணிக்கும் பயிற்சியளித்து இரண்டு ஐரோப்பியப் பட்டங்களை வாங்கித் தந்தார். கோப்பைகளை மட்டும் எண்ணுபவர்களின் கண்ணுக்கு இது தப்பிவிடும். இளமையில் முறையாகக் கற்றவன் நட்சத்திரம் ஆகாவிட்டாலும் ஆசிரியன் ஆகிறான். ஒரு தலைமுறையிலிருந்து நான்கு மேதைகள் வருவது நற்பேறு என்றே வைத்துக்கொள்வோம். நான்கு ஆசிரியர்கள் வருவது முறை.

சங்கங்களும் அந்த முறையைத் தமதாக்கிக்கொண்டன. பிகோ வளர்ந்த ஸ்போர்ட்டிங் சங்கம் 2002இல் அல்கொசெத்தேயில் தன் பயிற்சியகத்தைத் திறந்தது. ரூய் கோஸ்டா வளர்ந்த பென்பிக்கா 2006இல் செய்ஷாலில் திறந்தது. 2016 ஜூலையில் பாரிஸ் அருகே பிரான்சை அவர்கள் நாட்டிலேயே 1-0 என்று வென்று போர்ச்சுகல் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வாங்கியபோது, தொடக்க அணியின் பதினொருவரில் பாதிக்கு மேற்பட்டோர் ஸ்போர்ட்டிங் சங்கத்தின் இளையோர் பிரிவில் வளர்ந்தவர்கள். 1991இல் ஆடியவர் ஒருவரும் அந்த அணியில் இல்லை. இருபத்தைந்து ஆண்டு இடைவெளி. பனை காய்க்கக் காத்திருப்பதைப் போன்றது அது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்பவர்கள், ஒரு கோடி மக்களே உள்ள நாடு தலைமுறை தலைமுறையாக இத்தனை ஆட்டக்காரர்களை எப்படித் தருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தரவேண்டும். பணம் என்று சொல்ல முடியாது; இங்கிலாந்தும் இத்தாலியும் அதைவிடப் பணக்கார நாடுகள். மரபு என்றும் சொல்ல முடியாது. மரபு இருந்தும்தான் இருபது ஆண்டுகள் வெளியே நின்றார்கள். எண்பதுகளில் புதிதாகச் சேர்ந்தது பிள்ளைகளை வளர்க்கும் தொடர்ச்சியான முறை ஒன்றுதான்.

போர்ச்சுகலின் இந்த வரலாறு நமக்கும் ஒன்றைச் சொல்கிறது. பெரிய மைதானம் கட்டுகிறோம், உலகப் போட்டியை வரவழைக்கிறோம், நம் பிள்ளைகள் தோற்றால் ஒரு வாரம் வருந்துகிறோம், வென்றால் ஒரு மாதம் கொண்டாடுகிறோம். அதற்குப் பின்? பதினைந்து வயதில் சேர்த்த கூட்டம் பதினெட்டு வயதில் எங்கே இருக்கிறது, அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் இன்னும் அவர்களோடு இருக்கிறாரா, ஆட்டத்தை விட்டவர்களில் எத்தனை பேர் பயிற்சியாளராகத் திரும்பி வருகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. மாவட்ட அளவில் ஓர் இளையோர் அணி தன் ஊர் மைதானத்தில் போராடி வெல்லும்போது கைதட்டுங்கள். அது அந்தப் பிள்ளைகளுக்கு உரியது. ஆனால் கைதட்டி முடித்ததும் அந்த மூன்று கேள்விகளையும் சங்கத்திடமும் பள்ளியிடமும் அரசிடமும் கேளுங்கள். 1991இல் லஸ் மைதானத்தில் 1,27,000 பேர் பார்த்தது இரண்டரை மணிநேர ஆட்டம். அதற்கு முன்னால் யாரும் பார்க்காமல் நடந்த பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீண்டது. நாம் கேட்கவேண்டியது அந்த ஆண்டுகளை.